“நூற்றுக்கு 34ஆ?” – பிள்ளைகளின் உளவியல் ரிப்போர்ட்: வாசகர் கேள்விகள்

பிள்ளைக்கு உளவியல் மதிப்பீடு செய்து, கையில் ரிப்போர்ட்டும் வந்த பிறகு எழும் சந்தேகங்களை அனுப்புங்கள் என்று கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். பெயர் வேண்டாம் என்று கேட்டிருந்தீர்கள், போடவில்லை. சில கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: வணக்கம் மேடம். என் மகளுக்கு 9 வயது. வாய் ஓயாமல் பேசுவாள், கேள்வி கேட்டுத் துளைத்துவிடுவாள். ஆனால் வகுப்பில் எதையும் எழுதி முடிப்பதில்லை, பரீட்சையில் பாதித் தாள் காலியாக வரும். பள்ளியில் சொன்னதால் டெஸ்ட் எடுத்தோம். மொத்த ஐ.க்யூ. 94, பர்சென்டைல் 34 என்று வந்திருக்கிறது. உள்ளே மொழித்திறன் 113, காட்சித்திறன் 97, தர்க்கத்திறன் 97, செயல்நினைவு 82, செயல்வேகம் 75. என் கணவர் “நூற்றுக்கு 34ஆ?” என்று கேட்டவர், அதற்குப் பிறகு அந்த ரிப்போர்ட்டைத் தொடவே இல்லை. என் பெண் மந்தமா?

பதில்: இல்லை. இந்தப் பக்கத்தை அப்படியே உங்கள் கணவரிடம் கொடுங்கள்.

34 என்பது மார்க் கிடையாது. அவள் வயதுக் குழந்தைகள் 100 பேரை மதிப்பெண் வரிசைப்படி நிறுத்தினால், ஏறக்குறைய 34 பேர் அவளுக்குப் பின்னால் இருப்பார்கள் என்பதுதான் அதன் பொருள். வரிசையின் நட்டநடுவில் நிற்கிற குழந்தைக்கே 50தான் வரும். 100 வாங்க இங்கே வழியே இல்லை. பல பெற்றோர் இந்த ஒரு எண்ணைப் பார்த்துவிட்டு மீதிப் பக்கங்களைப் படிப்பதே இல்லை, அதுதான் எனக்கு வருத்தம்.

ஐ.க்யூ. எண்ணும் மார்க் போன்றது இல்லை. சராசரியை 100 என்று முதலிலேயே வைத்துவிட்டு, அதிலிருந்து ஒவ்வொரு குழந்தையும் எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று 15 புள்ளிப் படிகளில் அளக்கிறார்கள். 85க்கும் 115க்கும் நடுவில் சுமார் 68 சதவீதக் குழந்தைகள் வந்துவிடுவார்கள், 70க்கும் 130க்கும் நடுவில் சுமார் 95 சதவீதம். நடுவில் கூட்டம் அதிகம் என்பதால் அங்கே ஐ.க்யூ. கொஞ்சம் மாறினாலே பர்சென்டைல் எகிறிவிடும். 94இலிருந்து 100க்குப் போனால் பர்சென்டைல் 34இலிருந்து 50 ஆகிறது, அதே 6 புள்ளி 124இலிருந்து 130க்குப் போனால் 95 வெறும் 98 ஆகிறது. ஆக உங்கள் மகள் கூட்டத்தின் நடுப்பகுதியில்தான் நிற்கிறாள்.

இன்னொன்று, அந்த 94க்குப் பக்கத்தில் சிறிய எழுத்தில் ஏதோ ஒரு வீச்சு போட்டிருப்பார்கள், 88 – 100 என்பது மாதிரி. எந்த டெஸ்ட்டிலும் அளவுப் பிழை உண்டு. காலையில் ஒன்றும் மாலையில் ஒன்றும் காட்டுகிற ரத்த அழுத்தம் போல, அவளை வேறொரு நாளில் உட்கார வைத்திருந்தால் 91 வந்திருக்கலாம், 98 வந்திருக்கலாம். அதனால் ஒற்றை எண்ணை விட்டுவிட்டு அந்த வீச்சைப் பாருங்கள்.

சரி, இவ்வளவும் பயத்தைப் போக்கத்தான். உங்கள் ரிப்போர்ட்டில் உண்மையிலேயே கவனிக்க வேண்டியது வேறு இடத்தில் இருக்கிறது: 113க்கும் 75க்கும் நடுவில் உள்ள 38 புள்ளி. மொழியில் அவள் வயதுப் பிள்ளைகளில் 80 பேரைத் தாண்டி நிற்கிறாள், வேகத்தில் 5 பேரைத்தான் தாண்டுகிறாள். இவ்வளவு ஏற்ற இறக்கம் இருக்கும்போது எல்லாவற்றையும் சேர்த்து வந்த 94 எந்தத் திறனையும் சரியாகச் சொல்லாது. அதனால்தான் இப்படிப்பட்ட ரிப்போர்ட்டுகளில் “மொத்த ஐ.க்யூ.வை எச்சரிக்கையோடு எடுத்துக்கொள்ளவும்” என்று ஒரு வரி இருக்கும், சிலர் நினைவையும் வேகத்தையும் கழித்துவிட்டு மற்றவற்றை வைத்து ஒரு பொதுத்திறன் எண் தனியாகப் போட்டுத் தருவார்கள். உங்களுக்குப் போட்டுத் தரவில்லை என்றால் கேட்டு வாங்குங்கள்.

வேகம் என்று அங்கே எதை அளக்கிறார்கள் தெரியுமா? உங்கள் மகளுக்கு எடுத்தது வெக்ஸ்லர் என்ற ஐ.க்யூ. டெஸ்ட் என்று நினைக்கிறேன், நீங்கள் எழுதியுள்ள ஐந்து பிரிவும் அதன் இப்போதைய பதிப்பில் உள்ளவைதான். அதில் குறிகளைப் பார்த்து எழுதுவது ஒன்று, ஒரே மாதிரிச் சின்னத்தைத் தேடுவது ஒன்று, ஒவ்வொன்றுக்கும் 2 நிமிடம். கேள்வி மிகச் சுலபம், கடிகாரம்தான் கஷ்டம். சிந்தனையின் ஆழத்துக்கும் இதற்கும் பெரிய தொடர்பு இல்லை. அந்த 75 பல காரணங்களால் வந்திருக்கலாம்: பென்சில் பிடிப்பு சரியில்லாமல் இருக்கலாம், ஒவ்வொன்றையும் இரண்டு முறை சரிபார்க்கிற சுபாவமாக இருக்கலாம், நடுவில் கவனம் நழுவியிருக்கலாம், பதற்றம், தூக்கக் குறைவு, எதுவும். எண் ஒன்றுதான், காரணத்துக்குக் காரணம் தீர்வு மாறும். இதற்கான விடை ரிப்போர்ட்டின் அட்டவணையில் இருக்காது, “டெஸ்ட்டின்போது குழந்தையின் நடத்தை” என்று ஒரு பத்தி இருக்கும், அதில் இருக்கும். அழித்து அழித்து எழுதினாளா, ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாளா, கை வலிக்கிறது என்றாளா? அதில் எழுதவில்லை என்றால் டெஸ்ட் எடுத்தவரிடம் போன் செய்து கேளுங்கள், அவர் பார்த்திருப்பார்.

செயல்நினைவு 82 என்பதை வீட்டில் நீங்கள் தினமும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறீர்கள். “பையை எடுத்து வை, அப்புறம் டைரியில் கையெழுத்து வாங்கு, போகும்போது விளக்கை அணை” என்றால் பையை மட்டும் எடுத்து வைத்துவிட்டு நிற்பாள். சொன்னதைக் கேட்காத பிள்ளை என்று திட்டு விழும். கேட்டாள், மூன்றையும் ஒரே நேரத்தில் மனதில் பிடித்து வைக்க முடியவில்லை, அவ்வளவுதான். ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள், அல்லது எழுதி ஒட்டிவிடுங்கள்.

பள்ளியில் கேட்க வேண்டியது: பரீட்சையில் கூடுதல் நேரம், பலகையைப் பார்த்து எழுதுவதற்குப் பதிலாக அச்சடித்த தாள், ஒரே மாதிரிக் கணக்கு இருபது இருந்தால் அதில் எட்டு, முடிந்த இடத்தில் வாயால் விடை சொல்ல அனுமதி. செய்யக்கூடாதது, ஸ்டாப்வாட்ச் வைத்துக்கொண்டு “சீக்கிரம் சீக்கிரம்” என்பது. மூளைப் பயிற்சி என்று விற்கப்படும் விளையாட்டுகளுக்கும் பணத்தைக் கொட்டாதீர்கள், அந்த விளையாட்டில் தேறுவார்கள், அது பள்ளிப் பாடத்துக்குப் பெரிதாக வந்து சேர்வதாக ஆராய்ச்சிகள் காட்டவில்லை.

உங்கள் மகளைப் போன்ற பிள்ளைகளைத்தான் எல்லோரும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். பேச்சைக் கேட்டால் கெட்டிக்காரி, நோட்டைப் பார்த்தால் காலி, அப்படியானால் சோம்பேறி என்று முடிவு கட்டிவிடுகிறோம். இந்த ரிப்போர்ட்டால் கிடைத்த மிகப் பெரிய பயன் அந்தச் சொல்லை இனிமேல் யாரும் பயன்படுத்த முடியாது என்பதுதான்.

கேள்வி: என் மகனுக்கு 10 வயது. ரிப்போர்ட்டில் “வாசிப்பு வயது 7 வருடம் 2 மாதம்” என்று இருக்கிறது. பக்கத்தில் 76 என்று இன்னொரு எண். பேசாமல் இரண்டு வகுப்பு கீழே போட்டுவிடு என்கிறார் என் அப்பா. அவனுக்கு 7 வயதுப் பிள்ளையின் அறிவுதான் இருக்கிறதா?

பதில்: இந்த “வயது” கட்டம் இல்லாமலே ரிப்போர்ட் எழுதினால் நன்றாக இருக்கும் என்று நான் நினைப்பதுண்டு. அது சொல்வது இவ்வளவுதான்: உங்கள் மகன் எத்தனை வார்த்தைகளைச் சரியாக வாசித்தானோ, அத்தனை வார்த்தைகளைச் சராசரியாக 7 வயது 2 மாதக் குழந்தை வாசிக்கும். அவன் யோசிப்பது, புரிந்துகொள்வது, பேசுவது, நண்பர்களோடு பழகுவது எல்லாம் 7 வயதில் நின்றுவிட்டதாக அது சொல்லவில்லை. அதே கதையை நீங்கள் வாசித்துக் காட்டினால் 10 வயதுப் பிள்ளை போலத்தான் கேள்வி கேட்பான், சோதித்துப் பாருங்கள். தவிர, மூன்று வருட இடைவெளி என்பது எல்லா வயதிலும் ஒரே அளவு கிடையாது, 8 வயதில் அது மிகப் பெரிது, 15 வயதில் அவ்வளவு பெரிதில்லை.

குழந்தையின் திறனை இப்படி வயதாகச் சொல்லும் பழக்கம் பிரான்ஸில் ஆல்ஃப்ரெட் பினே என்ற உளவியலாளரும் தியோடோர் சிமோனும் 1905இல் உருவாக்கி 1908இல் திருத்திய டெஸ்ட்டிலிருந்து வந்தது. பள்ளியில் யாருக்குக் கூடுதல் உதவி தேவை என்று கண்டுபிடிக்கத்தான் அதைச் செய்தார்கள். அறிவு என்பது எப்போதும் அதிகமாகவே முடியாத ஒரு நிலையான அளவு என்ற எண்ணத்தை பினே கடுமையாக எதிர்த்தவர். பிறகு 1912இல் வில்லியம் ஸ்டெர்ன் என்ற உளவியலாளர் மன வயதை, அதாவது டெஸ்ட் காட்டிய வயதை, உண்மை வயதால் வகுத்தார், ஐ.க்யூ. என்ற கணக்கு அங்கிருந்து பிறந்தது. இன்று ஐ.க்யூ.வை யாரும் அப்படி வகுத்துக் கணக்கிடுவதில்லை. ஆனால் “வயது” மட்டும் ரிப்போர்ட்டை விட்டுப் போகவில்லை.

பார்க்க வேண்டியது அந்த 76. அதற்கும் சராசரி 100தான், அதாவது வாசிப்பில் அவன் வயதில் 100 பேரில் 95 பேர் அவனுக்கு முன்னால் இருக்கிறார்கள். இது நிஜமான சிரமம், “வளர்ந்தால் சரியாகிவிடும்” என்று விடக்கூடாது. ஆனால் கீழ் வகுப்பு இதற்கு மருந்து கிடையாது. முதல் தடவை எந்த முறையில் சொல்லிக்கொடுத்து ஏறவில்லையோ, அதே முறையில் இன்னொரு தடவை சொல்லிக்கொடுப்பார்கள், கூடவே நண்பர்களையும் இழப்பான். எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள தொடர்பை முதலிலிருந்து, வரிசையாக, வெளிப்படையாகச் சொல்லித்தரும் சிறப்புப் பயிற்சி வேண்டும், பயிற்சி பெற்ற சிறப்பு ஆசிரியரிடம், வாரத்தில் பல நாள், பல மாதம். மற்றப் பாடங்களை அவன் காதால் கேட்டுப் படிக்கட்டும், வாசிப்பு வரும்வரை அறிவியலும் வரலாறும் காத்திருக்க வேண்டியதில்லை. கண்ணையும் காதையும் பரிசோதித்தாயிற்றா என்பதை மட்டும் ஒருமுறை உறுதி செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: 8 வயது மகனுக்காக நானும் அவன் வகுப்பு ஆசிரியையும் தனித்தனியாக ஒரு படிவம் நிரப்பிக் கொடுத்தோம். கவனக்குறைவு என்ற இடத்தில் என் படிவத்துக்கு 56, அவர் படிவத்துக்கு 72. அந்த ஆசிரியைக்கு என் பையனைக் கண்டாலே ஆகாது. அந்தப் படிவத்தைத் தள்ளிவிட்டு மறுபடி கணக்குப் போடச் சொல்லலாமா?

பதில்: வேண்டாம். முதலில் ஒரு விஷயம், இந்த எண்களுக்கும் ஐ.க்யூ.வுக்கும் சம்பந்தமில்லை. இவை டி ஸ்கோர், சராசரி 50, ஒரு படிக்கு 10 புள்ளி. இங்கே எண் கூடினால் சிரமம் கூடுகிறது என்று பொருள். (72 என்றதும் “பரவாயில்லையே” என்று சந்தோஷப்பட்ட பெற்றோரும் உண்டு.) 56 என்பது வழக்கமான எல்லைக்குள் இருக்கிறது. 72 அப்படியில்லை, பொதுவாக 65ஐத் தாண்டினாலே கவனிக்கச் சொல்வோம், 70க்கு மேல் போனால் கட்டாயம் மேற்கொண்டு பார்ப்போம்.

இருவர் சொல்வதும் ஒத்துப்போகவில்லை என்பதில் அதிசயம் எதுவும் இல்லை. ஒரே குழந்தையைப் பற்றிப் பெற்றோரும் ஆசிரியரும் போன்ற வெவ்வேறு இடத்து ஆட்கள் சொல்வது எவ்வளவு பொருந்துகிறது என்று தாமஸ் அக்கன்பாக் என்ற உளவியலாளரும் அவரோடு இருந்தவர்களும் பல ஆய்வுகளைச் சேர்த்து 1987இல் கணக்கிட்டார்கள், முழுப் பொருத்தம் 1 என்றால் கிடைத்தது சராசரியாக 0.28தான். அதற்கு யாரோ பொய் சொல்கிறார்கள் என்று அர்த்தம் இல்லை. வீட்டில் அவன் ஒருவன், நீங்கள் பக்கத்தில் இருக்கிறீர்கள், சலித்தால் எழுந்து போகலாம். வகுப்பில் நாற்பது பேர், சத்தம், நாற்பது நிமிடம் உட்கார வேண்டும். இரண்டு இடத்திலும் ஒரே பிள்ளை வேறு மாதிரி நடப்பான். அதோடு ஆசிரியைக்கு ஒப்பிட்டுப் பார்க்க அதே வயதுப் பிள்ளைகள் ஒரு வகுப்பு முழுக்க இருக்கிறார்கள், உங்களுக்கு உங்கள் பையன் மட்டும்தான்.

நீங்கள் சொல்வது போல ஆசிரியைக்கு அவனைப் பிடிக்காமலும் இருக்கலாம், மறுக்கவில்லை. அப்படிச் சந்தேகம் இருந்தால் வழி எளிது: இன்னொரு ஆசிரியரிடமும் ஒரு படிவம் கொடுக்கச் சொல்லுங்கள், டெஸ்ட் எடுத்தவரையே வகுப்பில் வந்து பார்க்கச் சொல்லுங்கள். ஒன்றைக் கிழித்துப் போடுவதைவிட இன்னொன்றைச் சேர்ப்பது நல்லது.

படிவத்தை மட்டும் வைத்து யாரும் ஏ.டி.எச்.டி. (கவனக்குறைவு, மிகைத் துடிப்புக் கோளாறு) என்று முடிவு சொல்லக்கூடாது, சொன்னால் வேறு இடம் பாருங்கள். பல நாடுகளில் பயன்படுத்தும் டி.எஸ்.எம்.-5 என்ற அமெரிக்க மனநலக் கையேட்டின் வரையறைப்படி, கவனக்குறைவில் 9 அறிகுறிகள் இருக்கின்றன, அதில் குறைந்தது 6, ஆறு மாதமாவது நீடித்திருக்க வேண்டும், பல அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும், குறைந்தது இரண்டு இடங்களில் காணப்பட வேண்டும், படிப்பையோ பழக்கத்தையோ கெடுக்கவும் வேண்டும். வீட்டில் இல்லை, பள்ளியில் மட்டும் இருக்கிறது என்றால், பாடம் புரியாததாலா, யாராவது கிண்டல் செய்வதாலா, தூக்கம் போதாததாலா என்று தேட வேண்டும். அந்தத் தேடலுக்கு ஆசிரியையின் 72தான் துப்பு, அதைத் தூக்கி எறியச் சொல்கிறீர்களே.

கேள்வி: போன வருடம் ஓரிடத்தில் 84, இந்த வருடம் இன்னோரிடத்தில் 93. எது உண்மை? மூன்றாவதாக ஓரிடத்தில் பார்த்துவிடலாமா?

பதில்: பார்க்காதீர்கள். இரண்டின் வீச்சையும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள், பெரும்பாலும் ஒன்றின்மேல் ஒன்று படியும். ஒரே டெஸ்ட்டை இரண்டாம் முறை எழுதும்போது பழக்கத்தாலேயே சில புள்ளி கூடும், அதனால்தான் ஒன்றிரண்டு வருட இடைவெளி விடச் சொல்கிறோம். வேறு வேறு டெஸ்ட் என்றால் எந்த வருடப் பதிப்பு என்று கேளுங்கள். பழைய பதிப்பு எண்ணைத் தூக்கிக் காட்டும், ஏனென்றால் 20ஆம் நூற்றாண்டில் பல நாடுகளில் தலைமுறைக்குத் தலைமுறை மதிப்பெண் ஏறிக்கொண்டே வந்தது, பத்து வருடத்துக்குச் சுமார் 3 புள்ளி. ஜேம்ஸ் ஃபிளின் என்ற ஆய்வாளர் எடுத்துக்காட்டியது இது. டெஸ்ட் எந்த மொழியில் நடந்தது என்பதும் முக்கியம், வீட்டில் பேசாத மொழியில் கேள்வி கேட்டால் மொழித்திறன் எண்ணை நம்ப முடியாது. இதற்கெல்லாம் விடை தெரிந்த பிறகும் இரண்டுக்கும் நடுவில் பெரிய முரண் இருந்தால் மட்டும் மறுபடி யோசிக்கலாம். மூன்றாவது டெஸ்ட்டுக்கு ஆகும் பணத்தைப் பயிற்சிக்குச் செலவழியுங்கள்.

கேள்வி: 12 வயது மகளுக்கு ஐ.க்யூ. 66, அன்றாட வாழ்க்கைத் திறன் 71. “லேசான அறிவுசார் வளர்ச்சிக் குறைபாடு” என்று எழுதியிருக்கிறார்கள். லேசானது என்றால் சரியாகிவிடுமா? எங்களுக்குப் பிறகு அவள் தனியாக இருக்க முடியுமா?

பதில்: கஷ்டமான கேள்வியை நேராகக் கேட்டிருக்கிறீர்கள், நானும் நேராகவே சொல்கிறேன். லேசானது என்றால் சில வருடத்தில் மறைந்துவிடும் என்று அர்த்தம் இல்லை. எவ்வளவு துணை தேவைப்படும் என்பதைச் சொல்லும் படிநிலை அது, நான்கு படிகளில் முதல் படி. இந்த நிலையில் இருக்கும் பலர் பெரியவர்களாகி வேலைக்குப் போகிறார்கள், தங்கள் வேலைகளைத் தாங்களே பார்த்துக்கொள்கிறார்கள். பணக் கணக்கு, கையெழுத்துப் போட வேண்டிய பத்திரம், மருத்துவ முடிவு மாதிரி சிக்கலான இடங்களில் நம்பகமான ஒருவரின் துணை தேவைப்படும். உங்கள் மகள் எங்கே போய் நிற்பாள் என்று 12 வயதில் யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. 66 என்ற எண்ணாலும் முடியாது.

முன்பெல்லாம் ஐ.க்யூ.வை வைத்தே படிநிலையைத் தீர்மானித்தார்கள். 2013இல் வந்த டி.எஸ்.எம்.-5 அதை மாற்றிவிட்டது: படிப்பு சார்ந்தது, மனிதர்களோடு பழகுவது, அன்றாட வேலைகள் என்ற மூன்றிலும் அவள் எப்படிச் செயல்படுகிறாள் என்பதை வைத்துத்தான் இப்போது படிநிலை. அதனால் உங்கள் ரிப்போர்ட்டில் 66ஐவிட 71 முக்கியம், 71ஐவிட அதற்குக் கீழே பிரித்துப் போட்டிருக்கும் சிறு தலைப்புகள் முக்கியம். எது தனியாகச் செய்கிறாள், எது பாதி செய்கிறாள், எது அறவே வரவில்லை என்று அங்கே இருக்கும். பாதி செய்கிறவற்றிலிருந்து தொடங்குங்கள். மணி பார்ப்பது, சில்லறை வாங்கி எண்ணுவது, தெரிந்த இடத்துக்குத் தனியாகப் போய்த் திரும்புவது, போனில் செய்தி சொல்வது, மாதவிடாய் நாட்களில் தன்னைப் பார்த்துக்கொள்வது, யார் எங்கே தொடக்கூடாது என்று தெரிந்து வைத்திருப்பது. ஒவ்வொன்றையும் சிறு சிறு படியாக உடைத்து, ஒரு படி கைவந்த பிறகு அடுத்தது. மெதுவாகத்தான் வரும், ஆனால் வரும்.

ஒரு தவறு மட்டும் செய்யாதீர்கள், பாசத்தில் எல்லாவற்றையும் நீங்களே செய்துவிடாதீர்கள். தலை வாரிவிட்டு, பை கட்டிக்கொடுத்து, கடையில் அவளுக்குப் பதில் நீங்கள் பேசி, இப்படியே போனால் அடுத்த முறை அந்த 71 குறைந்துதான் வரும். நீங்கள் இல்லாத காலத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள், அதற்கான ஏற்பாட்டில் பெரும்பகுதி இதுதான். மீதி, உங்கள் நாட்டில் இவர்களுக்குக் கிடைக்கும் சான்றிதழ், உதவித்தொகை, சட்டப்படியான பாதுகாவலர் ஏற்பாடு, அவற்றையும் இப்போதே விசாரித்து வையுங்கள், 18 வயது நெருங்கட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி: பீரோவில் வைத்திருந்த ரிப்போர்ட்டை 11 வயது மகன் எடுத்துப் படித்துவிட்டான். “எனக்கு மூளையில் கோளாறா அப்பா?” என்று கேட்கிறான். “அதெல்லாம் ஒன்றுமில்லை, போய் விளையாடு” என்று அனுப்பிவிட்டேன். சரிதானா?

பதில்: சரியில்லை, ஆனால் இன்றைக்கே சரிசெய்துவிடலாம். “ஒன்றுமில்லை” என்றால் அவன் நம்பப் போவதில்லை. பல மணி நேரம் யாரோ ஒருவர் தன்னை உட்கார வைத்துக் கேள்வி கேட்டதும், நீங்கள் அதை ஒளித்து வைத்ததும் அவனுக்குத் தெரியும், ஒளித்து வைத்தால் பயங்கரமான ஏதோ இருக்கிறது என்றுதான் எந்தப் பிள்ளையும் நினைக்கும்.

என்ன சொல்வது? எண்ணைப் பற்றிப் பேசாதீர்கள், அவனுக்கே தெரிந்த விஷயத்திலிருந்து தொடங்குங்கள். “எழுதும்போது உனக்கு ரொம்ப நேரம் ஆகிறது இல்லையா, அது ஏன் என்று பார்க்கத்தான் அங்கே போனோம். உனக்கு எது சுலபம், எது கஷ்டம் என்று அவர்கள் கண்டுபிடித்திருக்கிறார்கள். படம் பார்த்துப் புரிந்துகொள்வது உனக்கு நன்றாக வருகிறது. காதில் கேட்டதை மனதில் வைத்துக்கொண்டு எழுதுவது கஷ்டமாக இருக்கிறது. அது உன் தப்பு இல்லை. அதற்கு என்னென்ன செய்யலாம் என்றும் எழுதியிருக்கிறார்கள், அதில் எது பிடித்திருக்கிறது என்று நீயே சொல்லு.” உங்கள் ரிப்போர்ட்டில் என்ன இருக்கிறதோ அதை வைத்து மாற்றிக்கொள்ளுங்கள். நன்றாக வருகிறது என்று சொல்வது நிஜமாக இருக்க வேண்டும், ஆறுதலுக்காகக் கற்பனை செய்து சொன்னால் பதினொரு வயதுப் பிள்ளை கண்டுபிடித்துவிடுவான்.

“மூளையில் கோளாறா” என்ற கேள்விக்கும் நேராகப் பதில் சொல்லுங்கள்: கோளாறு இல்லை, எல்லோருக்கும் ஒரே மாதிரி வேலை செய்யாது, உனக்குச் சில விஷயத்துக்கு வேறு வழி தேவைப்படுகிறது. ரிப்போர்ட்டில் பெயர் ஏதாவது போட்டிருந்தால் அந்தப் பெயரையும் சொல்லலாம். அந்தப் பெயர் தெரியாத காலத்தில் பிள்ளைகள் தனக்குத் தானே வைத்துக்கொள்ளும் பெயர் “முட்டாள்” என்பது, அதைவிட எந்தப் பெயரும் மேல்தான். அழுதால் அழட்டும். உடனே சமாதானப்படுத்தாதீர்கள், கொஞ்ச நேரம் பக்கத்தில் உட்காருங்கள். ஒரே நாளில் எல்லாம் பேசி முடிக்க வேண்டியதும் இல்லை, நாலு நாள் கழித்து வேறொரு கேள்வியோடு வருவான். உங்களால் பேச முடியவில்லை என்றால் டெஸ்ட் எடுத்தவரிடம் அவனுக்கென்று தனியாக அரை மணி நேரம் கேளுங்கள், பலர் சந்தோஷமாகச் செய்வார்கள்.

அண்ணன், தம்பி, தங்கை முன்னால் இந்த எண்களைப் பேசாதீர்கள். ஒரு சண்டை வந்தால் அது உடனே ஆயுதமாகிவிடும்.

கேள்வி: பள்ளியில் முழு ரிப்போர்ட்டையும் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

பதில்: முழுவதையும் கொடுக்க வேண்டிய அவசியம் பெரும்பாலும் இருக்காது. உங்கள் பிரசவக் கதை, வீட்டுச் சண்டை, தாத்தாவின் மனநோய் எல்லாம் அதில் இருக்கும், அது வகுப்பு ஆசிரியருக்கு எதற்கு? பள்ளிக்காக ஒன்றிரண்டு பக்கச் சுருக்கம் எழுதித் தரச் சொல்லுங்கள்: குழந்தைக்கு எது வரும், எது சிரமம், வகுப்பில் என்ன மாற்றம் வேண்டும், பரீட்சையில் என்ன சலுகை வேண்டும், இவ்வளவு போதும். பரீட்சை வாரியம் சலுகைக்காக மதிப்பெண் அட்டவணையும் கேட்டால் அதைத் தனியாகக் கொடுங்கள், ஆனால் யார் பார்ப்பார்கள், எங்கே வைப்பார்கள் என்று கேட்டுவிட்டு. நகலைக் கொடுங்கள், அசலை வீட்டில் வையுங்கள், கொடுத்த தேதியை எங்கேயாவது குறித்துக்கொள்ளுங்கள். கொடுத்ததோடு விடாமல் ஒரு மாதம் கழித்துப் போய், எழுதியிருந்ததில் எதெல்லாம் வகுப்பில் நடக்கிறது என்று கேளுங்கள். பல சமயம் தாள் ஃபைலுக்குள் போயிருக்கும், பாடம் நடத்துகிறவரிடம் போய்ச் சேர்ந்திருக்காது.